ஆச்சி வீட்டு வேதப்புத்தகத்தைப் பிரிக்கும் முன்

தங்கச்சி, இந்தத் தடவை ஊருக்குப் போனதும் ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலிருக்கிற பழைய வேதப்புத்தகத்தை எடுத்து, அதில் எழுதியிருக்கிற பேர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாய். கட்டாயம் செய். நம் குடும்பத்தில் யாராவது இதைச் செய்ய மாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். ஆனால் பேர்களை எழுதுவது கடைசி வேலை. அந்தப் பேர்களை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு வருகிற பட்டியலை நாளைக்கு வேறொரு தாளோடு ஒப்பிடும்போது, எதை நம்புவது என்று உனக்கே தெரியாமல் போகும்.

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் முன்பெல்லாம் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் வேதப்புத்தகத்தில்தான் ஏறும். சர்க்கார் பதிவேட்டை விட அதற்குத்தான் மதிப்பு. காரணம் இருக்கிறது. பிறப்பையும் இறப்பையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1969இல். மதராஸ் மாகாணத்தில் 1899ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருந்தது என்றாலும், தேரிக்காட்டு ஓரத்தில் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளில் பலர் அந்த ஏடுகளுக்குள் வரவே இல்லை. பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்கிறதே என்பாய். பிள்ளையைச் சேர்க்கிற அன்றைக்கு வயது சரியாக வரும்படி மே, ஜூனை ஒட்டி ஒரு தேதியை வாத்தியார் போட்டுவிடுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அதனால்தான் நம் தாத்தாமார் பலருக்கும் இரண்டு பிறந்தநாள். சான்றிதழில் ஒன்று, வேதப்புத்தகத்தில் ஒன்று. உண்மையானது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கை வைக்கும் முன்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள். கையுறை வேண்டாம். உறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவாய். மேஜைமேல் புத்தகத்தை வைத்து, இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை அணைகொடுத்துத் திற. முழுக்க மல்லாத்தித் தட்டையாக்காதே. நூறு வருஷத்துத் தையல் ஒரு நிமிஷத்தில் விட்டுப்போகும்.

செல்லோ டேப் ஒட்டுவது, லேமினேஷன் போடுவது இரண்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். எழுத்தின்மேல் ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரும். லேமினேஷன் செய்த தாளைத் திரும்ப மீட்கவே முடியாது. ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தால் பதறாதே. பக்கம் பக்கமாக மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, துவைத்துக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வை. பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே செருகாதே, கறை விழும்.

உள்ளே செருகி வைத்திருக்கிற பொருள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை, மயிலிறகு, கல்யாண அழைப்பு, அடக்க ஆராதனை அறிவிப்பு, வருஷப்பிறப்பன்று கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டை, ரங்கூனிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்த கார்டு என்று என்னென்னவோ இருக்கும். எடுத்துவிடாதே. அது எந்த அதிகாரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே முதலில் ஒரு போட்டோ. ஓலைச் சிலுவை தாளில் பழுப்புத் தடம் போட்டிருக்கும். அதனால் போட்டோ எடுத்தபின் தனிக் காகித உறையில் போட்டு, உறைமேல் "யோவான் 14ஆம் அதிகாரத்தில் இருந்தது" என்கிற மாதிரி பென்சிலால் எழுதிவை. ஒரு மரண அறிவிப்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் தகவல்தான். அடக்கத்தில் வாசித்த பகுதி அதுவாக இருக்கலாம். வயதான ஒருவரிடம் அந்தப் பகுதியைச் சொல்லிக் கேட்டால், யாருடைய அடக்கம் என்று அவருக்கு ஞாபகம் வரும்.

போட்டோவுக்கு ஃப்ளாஷ் வேண்டாம். காலை வெளிச்சம் வருகிற ஜன்னல் ஓரம் போதும். மேலட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், எழுதியிருக்கிற எல்லாப் பக்கம், வெற்றுப் பக்கம், பின்னட்டை என்று வரிசை மாறாமல் எடு. வெற்றுப் பக்கம் எதற்கு என்று கேட்பாய். பென்சிலால் எழுதி அழித்த வரி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் பள்ளமாகத் தெரியும். பழைய இரும்பு மை பழுப்பாகி வெளுத்திருந்தால், கள்ளநோட்டுப் பார்க்கிற சின்ன ஊதா விளக்கை ஒரு நிமிஷம் காட்டிப் படம் எடு. அந்த மை அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்கு மங்கிய எழுத்து கறுப்பாக எழுந்து வரும். எழுத்து தெளியட்டும் என்று எலுமிச்சம் சாற்றையோ வேறு எதையுமோ தடவச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே.

எங்கே தேடுவது

இங்கிலீஷ் வேதப்புத்தகங்களில் பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு நடுவில் பிறப்பு, திருமணம், மரணம் என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்த பக்கங்கள் இருப்பது வழக்கம். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குகிற இடத்து வெற்றுத்தாளில் எழுதியிருப்பார்கள். முன்னட்டையின் உள்பக்கம், கடைசித் தாள், சங்கீதத்தின் ஓரங்கள் எல்லாவற்றையும் பார். "இந்த வசனம் எனக்கு" என்று எழுதி ஒரு தேதி போட்டிருப்பார்கள். அது பிள்ளை பிறந்த ராத்திரியாகவோ, புருஷன் கப்பலேறிய நாளாகவோ இருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு ரொம்ப முக்கியம். புத்தகத்தை மகன்கள் வீட்டில் மட்டும் தேடாதே. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு வேதப்புத்தகம் கொடுத்தனுப்புகிற குடும்பங்கள் நம்மிடம் நிறைய. வீடும் நிலமும் மகன்களோடு தங்கும், புத்தகம் மகளோடு வேறு ஊருக்குப் போய்விடும். ஆகவே அத்தைமார் வீடு, பெரிய அத்தையின் மகள் வீடு என்று பெண்வழியாகப் போய்க் கேள். அந்தப் புத்தகத்தில்தான் பிறந்த வீட்டு ஆட்களின் பேரும் புகுந்த வீட்டு ஆட்களின் பேரும் ஒரே இடத்தில் நிற்கும். அந்தக் காலத்து நிலப் பத்திரத்தில் பெண்ணுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கல்லறைக் கல்லில் "இன்னாருடைய மனைவி" என்று முடித்துவிடுவார்கள். அவளுக்கு அப்பன் யார், அவளைப் பெற்றவள் பேரென்ன என்பதை மறக்காமல் எழுதிவைத்தது அவளே. நான்கைந்து தலைமுறைக்கு மேல் நம் பாட்டிமாரின் பேர் கிடைக்கிற ஒரே இடம் இதுவாக இருந்தாலும் இருக்கும்.

கத்தோலிக்கச் சொந்தங்கள் இருந்தால் அவர்கள் வீட்டில் ஜெபப் புத்தகத்தின் அட்டைக்குள் பார். மீதி கோயிலின் பழைய பதிவேட்டில், பெரும்பாலும் லத்தீனில் இருக்கும்.

தலைப்புப் பக்கமும் முதல் வரியும்

இப்போது மெயின் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்புப் பக்கத்தில் அச்சிட்ட வருஷம் இருக்கும். எழுதியிருக்கிற முதல் தேதியோடு அதை ஒப்பிடு. புத்தகம் 1905இல் அச்சானது, முதல் பிறப்பு 1876 என்றால், அந்த வரி நடந்தபோது எழுதியதல்ல. பழைய புத்தகத்திலிருந்து பெயர்த்து எழுதியிருக்கலாம், யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கலாம். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் 1905க்குப் பிறகு வருகிற வரிக்குக் கொடுக்கிற நம்பிக்கையை அதற்குக் கொடுக்கக் கூடாது. உன் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "அப்போதே எழுதியது", "பிற்பாடு எழுதியது" என்று குறித்துக்கொண்டே போ.

தலைப்புப் பக்கம் இன்னொன்றும் சொல்லும். தமிழ் வேதத்துக்குப் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அதன்பிறகு பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு, யாழ்ப்பாணத்து மிஷனரி பேர்சிவல் ஐயர் ஆறுமுக நாவலரின் உதவியோடு செய்து 1850இல் வெளிவந்தது, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்தது என்று வரிசையாக இருக்கின்றன. மற்றவர்கள் இந்தத் திருத்திய மொழிபெயர்ப்புக்கு மாறிய பிறகும் லுத்தரன் சபையார் பப்ரிசியஸை விடாமல் வைத்திருந்தார்கள். நெல்லைச் சீமையில் ஒரு குடும்பத்திடம் பப்ரிசியஸ் புத்தகம் இருந்தால், தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கிளை உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

தலைப்புப் பக்கமே கிழிந்து போயிருந்தால்? மையையும் கையெழுத்தையும் பார்க்க வேண்டியதுதான். நம் வீட்டுப் புத்தகத்தையே எடுத்துக்கொள். மல்கியாவுக்கு அடுத்த தாளில் பெரிய தாத்தாவும் அவருடைய தம்பி தங்கைகளுமாக ஏழு பிறப்பு. முதல் பிறப்புக்கும் ஏழாவது பிறப்புக்கும் நடுவே பத்தொன்பது வருஷம் இடைவெளி. ஆனால் ஏழு வரிக்கும் ஒரே பழுப்பு மை, ஒரே சாய்வு, வரிக்கு வரி ஒரே இடைவெளி. ஒரே உட்காரலில் எழுதியது என்று பார்த்த உடனே தெரியும். எட்டாவது வரி அப்படி இல்லை. எழுத்து நெருக்கி, மை கறுத்து, "சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்" என்று நேரம்கூடப் போட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை பிறந்த சூட்டோடு எழுதியது அது. மேலே உள்ள ஏழில் ஒரு தேதியும் இதில் ஒரு தேதியும் வேறொரு ஆவணத்தோடு முரண்பட்டால், எட்டாவது வரியின் பக்கம் நான் நிற்பேன், மேலே உள்ளவற்றைச் சபைப் பதிவேட்டில் சரிபார்ப்பேன்.

பால்பாயிண்ட் பேனா உலகச் சந்தைக்கே 1940களின் நடுவில்தான் வந்தது. 1912இல் மரித்தவரின் வரி பால்பாயிண்டில் இருந்தால், குறைந்தது ஒரு தலைமுறை கழித்து யாரோ ஞாபகத்திலிருந்து எழுதியது.

அதே தாளில் இன்னொன்றும் பார்த்தேன். மூன்றாவது பிள்ளையின் பேரும் ஐந்தாவது பிள்ளையின் பேரும் ஒன்று. மூன்றாவது வரியின் ஓரத்தில் பேனா நுனியால் கீறிய மாதிரி ஒரு சிறு சிலுவை. அந்தப் பேர் வைத்த முதல் பிள்ளை வாந்திபேதியிலோ வைசூரியிலோ போய்விட, அடுத்துப் பிறந்ததற்கு அதே பேரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது நிறைய நடந்தது. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே ஆளாக்கினால், ஒருவருடைய வயது நாலு வருஷம் கூடிவிடும். முக்கியமாக, பிறந்து சில மாதம் மட்டும் இருந்த ஒரு பிள்ளை நம் வம்சத்திலிருந்தே காணாமல் போய்விடும். இரண்டு பிறப்புக்கு நடுவே வழக்கத்தை மீறி மூன்று, நான்கு வருஷம் இடைவெளி தெரிந்தாலும் கேள்வி கேள். குறைப்பிரசவமாகவோ, ஞானஸ்நானம் ஆகும் முன்பே போன பிள்ளையாகவோ இருக்கலாம். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும்தான் ஏறுவார்கள். அந்தச் சிறு சிலுவையைப் போட்டவளுக்குத்தான் எல்லாப் பிள்ளைகளும் கணக்கு.

வருஷக் கணக்கு

பழைய கைகளுக்கு இங்கிலீஷ் எண் பழக்கமில்லாமல் இருந்திருக்கலாம். தமிழ் எண்ணில் க போல இருப்பது 1, உ போல இருப்பது 2, ரு போல இருப்பது 5, எ போல இருப்பது 7, அ போல இருப்பது 8. ௪ நாலு, ௬ ஆறு; ச, சு மாதிரி இருக்கும். மை வெளுத்தால் ஆறின் வால் மறைந்து நாலு ஆகிவிடும். 1876 என்பதை ௧௮௭௬ என்றும் எழுதுவார்கள், ௲௮௱௭௰௬ என்று பழைய முறையிலும் எழுதுவார்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. புள்ளி வைக்காமல் எழுதுகிற பழக்கமும் உண்டு. அதனால் ஒரு பேரை அவசரத்தில் வாசித்து முடித்துவிடாதே, உரக்க வாசித்துப் பார்.

அறுபது வருஷப் பேர்களில் எழுதியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். "தாது வருஷம்" என்று ஒரு வரி. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது 1876 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்தை. அதே பேர் 1936இலும் 1996இலும் திரும்ப வந்தது. புத்தகம் அச்சான வருஷமும் எழுதியவரின் கையும் தெரிந்தால்தான் எந்தத் தாது என்று தீர்மானிக்கலாம். நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டும் சேர்ந்து வரும், அதிலும் நாகர்கோவில், திருவிதாங்கூர்த் தொடர்புள்ள வீடுகளில். ஆவணி முதல் மார்கழியில் இங்கிலீஷ் வருஷம் முடிகிற வரைக்கும் 824ஐக் கூட்டு. அதற்குப் பிறகு ஆடி வரைக்கும் 825ஐக் கூட்டு. கொல்லம் 1052 ஐப்பசி என்றால் 1876 அக்டோபர், நவம்பர். பக்கத்திலேயே தாது வருஷம் என்றும் இருந்தால் இரண்டும் பொருந்துகின்றன, நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகலாம். கிழமையும் எழுதியிருந்தால் அதையும் சோதித்துவிடு. பழைய வருஷக் காலண்டர் போனிலேயே கிடைக்கிறது. 1876 கிறிஸ்மஸ் திங்கட்கிழமை. புத்தகத்தில் செவ்வாய் என்றிருந்தால் எழுதியவருக்கு வருஷம் தடுமாறியிருக்கிறது. தமிழ்த் தேதியை இங்கிலீஷ் தேதியாக்கும்போது ஒரு நாள் முன்பின் வருவது சகஜம், அதற்காக வரியைத் தள்ளிவிடாதே.

சபைப் பதிவேட்டோடு பொருத்திப் பார்

வேதப்புத்தகம் சொல்வதற்குச் சாட்சி, ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரமான சேகரத்தின் ஆபீஸில் இருக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகள். போவதற்கு முன் குருவானவருக்கு எழுதி அனுமதி கேள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நெரிசலில் போய் நிற்காதே. கிளை ஊராக இருந்து பிரிந்த சேகரம் என்றால் பழைய ஏடு தாய்ச் சேகரத்தில் இருக்கும். பாளையங்கோட்டைச் சபையின் முதல் ஜாபிதா 1780ஆம் வருஷத்தது, நாற்பது பேரின் பெயர்கள் அதில் இருந்தன. முதலூர் 1799இல் ஏற்பட்ட கிராமம். அதற்கு முந்தின வருஷத்தைச் சொல்லி "எங்கள் பூட்டன் முதலூரில் ஞானஸ்நானம் பெற்றார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

மிஷனரி ஐயர்மார் வந்து போன வருஷங்கள் நமக்கு நல்ல அளவுகோல். ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820, இறந்தது 1838. கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது 1841, இறந்தது 1891. நாசரேத்து மர்காஷிஸ் ஐயர் இருந்தது 1876 முதல் 1908 வரை. "பூட்டனாருக்கு ரேனியஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார்" என்று வழிவழியாகச் சொல்லி வருவார்கள். புத்தகத்தில் அவர் பிறப்பு 1842 என்றிருந்தால், ரேனியஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றது பூட்டனாரின் அப்பாவாக இருக்கலாம். குடும்பக் கதை பெரும்பாலும் பொய் சொல்லாது, ஒரு தலைமுறை தள்ளி வைத்துவிடும்.

உன் ஊர் எந்த மிஷன் சங்கத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள். மெஞ்ஞானபுரம், பண்ணைவிளை, டோனாவூர் எல்லாம் சர்ச் மிஷனரி சொசைட்டி என்கிற சி.எம்.எஸ். நாசரேத், சாயர்புரம், முதலூர், இடையன்குடி எல்லாம் சுவிசேஷப் பிரசங்கச் சங்கம் என்கிற எஸ்.பி.ஜி. நாகர்கோவில், மயிலாடி பக்கம் லண்டன் மிஷன். சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திலும், லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டன் சோவாஸ் கல்லூரியிலும், தரங்கம்பாடிக் காகிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்திலும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஐயர்மாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும். எல்லாருடைய பேரும் அவற்றில் வராது. நம் குடும்பத்தில் உபதேசியாராகவோ, பள்ளிக்கூட வாத்தியாராகவோ, வேதப்பெண்ணாகவோ ஊழியம் செய்தவர் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போ, அவர்கள் பேர் வருவதற்கு வாய்ப்பு உண்டு.

பேர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஞானமுத்து, வேதமாணிக்கம், தேவசகாயம், அன்னம்மாள் போன்ற பேர்கள் ஒரே காலத்தில் ஒரே ஊரில் பலருக்கு இருக்கும். பாட்டனின் பேர் பேரனுக்கு வருவதால் ஒரே குடும்பத்திலேயே ஒன்றுவிட்ட தலைமுறைகளில் அதே பேர் நிற்கும், அப்பாவின் பேரையே இனிஷியலாகப் போடுவதால் இனிஷியலும் ஒன்றாகிவிடும். அதனால் தனிப் பேரை வைத்து ஆளை முடிவுசெய்யாதே. புருஷன், பெண்டாட்டி, ஊர் மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன்பிருந்த பேரையும் சில கைகள் எழுதியிருக்கும். வெட்கப்பட்டோ, இப்போதைய ஆட்களுக்குப் பிடிக்காது என்றோ அதை விட்டுவிடாதே, நிலப் பத்திரத்தில் அந்தப் பழைய பேர்தான் இருக்கும். சாதிப் பேர் எழுதியிருந்தாலும் இருந்தபடியே எழுதிக்கொள்.

அடித்த பேரும் இருக்கும். மையால் கோடு போட்டோ, பிளேடால் சுரண்டியோ ஒருவரை எடுத்திருப்பார்கள். மதம் மாறிக் கல்யாணம் செய்தவராக இருக்கலாம், வீட்டோடு பகையாகிப் போனவராக இருக்கலாம். அந்த இடத்தைத்தான் நீ அதிகம் போட்டோ எடுக்க வேண்டும். உன் நோட்டில் அவர்களுக்கு ஒரு முழு வரி கொடு.

கோர்ட்டுக்கும் இது சாட்சி

அமெரிக்காவில் சுதந்திரப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களின் விதவைகளுக்குப் பென்ஷன் கொடுக்க 1836இல் சட்டம் வந்தபோது, கல்யாணத்துக்கு வேறு அத்தாட்சி இல்லாத கிழவிகள் வீட்டு வேதப்புத்தகத்தின் பக்கத்தையே பிடுங்கி விண்ணப்பத்தோடு அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்றைக்கும் அந்த நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் பென்ஷன் கோப்புகளுக்குள் இருக்கின்றன. வீட்டில் இருந்த புத்தகங்கள் எத்தனையோ போன பிறகும் அவை மட்டும் தப்பின. நம் நாட்டிலும் 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, இறந்துபோனவர் குடும்ப வம்சாவளியிலோ கல்லறைக் கல்லிலோ உறவுமுறை பற்றி எழுதிவைத்ததைக் கோர்ட்டு பார்க்கலாம் என்றது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 26ஆவது பிரிவு. ஆனால் தகராறு கிளம்புவதற்கு முன்பே எழுதியது என்று தெரிய வேண்டும். மேலே நான் மையையும் கையையும் பார்க்கச் சொன்னதற்கு இங்கேயும் வேலை இருக்கிறது. பாகப்பிரிவினையோ வாரிசு வழக்கோ நடக்கிற வீட்டில் புத்தகத்தைக் கேட்டு எடுக்கும்போது, நாலு பேர் முன்னிலையில் போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடு.

பெரியவர்களிடம்

புத்தகத்தைக் கொண்டுபோய் ஆச்சி பக்கத்தில் உட்கார். "உங்க பூட்டி பேரென்ன?" என்று நேராகக் கேட்டால் "தெரியலையே" என்பார்கள். ஒரு வரியை வாசித்துக் காட்டு. "இது யாரு எழுத்து ஆச்சி?" என்று கேள். எழுத்தைப் பார்த்தவுடன் ஆளைச் சொல்வார்கள். "இது பெரியப்பா கை. அவருக்குப் பேனா அழுத்தி எழுதித்தான் பழக்கம்" என்று ஆரம்பித்தால் மூன்று ஊர்க் கதை வரும். போனில் பதிவுசெய்துகொள், அனுமதி கேட்டுக்கொண்டு. தேதியைக் கேட்காதே, எதை ஒட்டி என்று கேள். அந்த வருஷம் அசன விருந்துக்கு முன்பா பின்பா, புயலுக்கு முன்பா, மாமா கொழும்புக்குப் போன பிறகா என்று கேட்டால் பதில் பிசகாது. சித்தி, பெரியம்மா, மயினி எல்லாரும் இருக்கும்போது கேட்பது நல்லது. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்துக்கொடுப்பாள்.

கடைசியில், எழுதிக்கொண்ட நோட்டின் முதல் பக்கத்தில் புத்தகம் யாரிடம் இருக்கிறது, அதற்கு முன் யாரிடம் இருந்தது, அவருக்கு யார் கொடுத்தார், நீ எந்தத் தேதியில் பார்த்தாய் என்று எழுது. எழுதியிருக்கிறபடியே எழுத்துப் பிழையோடு ஒரு பிரதி, நீ திருத்திப் புரிந்துகொண்டது ஒரு பிரதி என்று இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்காதே. போட்டோக்களையும் நோட்டையும் அத்தை மகள்கள் உட்பட எல்லா வீட்டுக்கும் அனுப்பு. சேகர ஆபீஸுக்கும் ஒரு பிரதி கொடு. புத்தகத்தில் இடமிருக்கிறது என்று உன் பிள்ளைகளின் பேரை அந்தப் பழைய தாளில் எழுதாதே. நல்ல கெட்டித் தாளில், அழியாத கறுப்பு மையில், உன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டு, துணிச் சுற்றுக்குள் புத்தகத்தோடு சேர்த்து வை. உன் மாமியாரின் பிறந்த வீட்டுப் பேரை மறந்துவிடாதே, அதை இந்த வாரமே கேட்டுவிடு.